சோழமண்டலம்: சோறு போட்ட கை

சோழமண்டலத்து ஓவியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் தவறாமல் எழுதிவிடும் வாக்கியம் ஒன்று உண்டு. பாடிக் துணி செய்து விற்றார்கள், அந்தப் பணத்தில் வாழ்ந்துகொண்டு ஓவியம் தீட்டினார்கள் என்பது அது. இதில் தகவல் பிழை ஏதும் இல்லை. ஆனால் வாக்கியத்தின் அமைப்பிலேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பாடிக் வயிற்றுக்கு, ஓவியம் ஆத்மாவுக்கு. ஒன்று செலவுக் கணக்கில் எழுதித் தீர்க்க வேண்டிய விஷயம், மற்றது சரித்திரம். இந்தத் தீர்ப்பை நானும் பல வருஷங்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டிருந்தேன். அப்படி ஏற்றுக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. ஏன் வசதி என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் சரித்திரம்.

சென்னைக் கலைப்பள்ளியை 1850-ல் தொடங்கியவர் ஓவியரல்ல, அலெக்ஸாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர். சில வருஷங்களுக்குள் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. ரவிவர்மாவை வெல்லும் ஓவியர்களை உருவாக்குவது அதன் நோக்கமாக இருக்கவில்லை. ஓடு, மண்பாண்டம், உலோக வேலை, மர வேலை, செதுக்குப் படம், இவற்றுக்கான வரைபடம் என்று அங்கே எல்லாமே கைத்தொழில்தான். 1890களின் இறுதியில் ஆல்ஃப்ரெட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சிகளை அந்தப் பள்ளியில்தான் ஆரம்பித்தார். நம் அடுக்களைக்கு அலுமினியச் சட்டி வந்த கதையின் முதல் அத்தியாயம் ஒரு கலைப்பள்ளியில் நடந்தது என்பதை நம் கலை விமர்சகர்கள் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கௌரவக் குறைவு.

1929-ல் தேவிபிரசாத் ராய் சௌத்ரி பள்ளியின் தலைமைக்கு வந்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1957 வரை இருந்தார். அவர் காலத்தில் ஓவியமும் சிற்பமும் பள்ளியின் மையத்துக்கு வந்தன, கைத்தொழில் பின்கட்டுக்குப் போயிற்று. ஒரு முரணைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை. மெரீனாவில் நால்வர் பாறையைப் புரட்டும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது, 1959-ல் நிறுவப்பட்டது. உழைக்கும் உடம்பைத் தமிழ்நாட்டின் மிகப் பிரசித்தமான சிற்பமாக ஆக்கியவரின் காலத்தில்தான், உழைக்கும் கை பள்ளிக்குள் இரண்டாம் வரிசைக்குத் தள்ளப்பட்டது. உழைப்பைப் பார்க்கப்படும் பொருளாக வைப்பது ஒன்று. பார்க்கும் கண்ணே உழைப்பில் தயாராவது வேறு.

1957-ல் கே.சி.எஸ். பணிக்கர் முதல்வரானார். 1911-ல் பிறந்தவர். ஓவியம் படிக்க வருவதற்கு முன் தந்தி இலாகாவில் வேலை பார்த்தவர். 1944-ல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1954-ல் ஐரோப்பா போய்வந்தபின் அவரை ஒரு கேள்வி துளைத்தெடுத்தது. தங்கள் ஓவியத்தில் தங்களுடையது என்று சொல்ல என்ன இருக்கிறது? இந்தக் கேள்வி அவருடைய மாணவர்கள் எல்லோரையும் பற்றிக்கொண்டது. கோயில் சிற்பம், தாந்திரீக யந்திரம், ஜாதகக் கட்டம், கிராம தேவதை என்று அவர்கள் தேடிப் போன இடங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டாகிவிட்டது.

இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே, இதைவிட ஸ்தூலமான இன்னொரு கேள்வியும் இருந்தது. படித்து முடித்த பையன் என்ன செய்வான்? டிராயிங் மாஸ்டராகப் போகலாம். விளம்பரக் கம்பெனிக்குப் போகலாம். சினிமாவுக்குப் போகலாம். ஓவியம் வாங்க ஆள் இல்லை. 1960களின் தொடக்கத்தில் பணிக்கரும் மாணவர்களும் கண்ட விடை கைவினை. பாடிக் துணியும் மற்றக் கைவினைப் பொருள்களும் செய்து கண்காட்சி வைத்தார்கள். விற்றது. அதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். சேர்ந்த பணத்தில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. சுமார் முப்பது பேர். ஜமீன்தார் இல்லை, மடாதிபதி இல்லை. துணியில் மெழுகு தடவிச் சம்பாதித்த காசில் வாங்கிய மண்.

பெயரைக் கவனிக்க வேண்டும். சோழமண்டலம் என்ற சொல்லைத்தான் ஐரோப்பிய வியாபாரிகள் கோரமண்டல் ஆக்கினார்கள். பதினேழு பதினெட்டாம் நூற்றாண்டுகளில் அந்தப் பெயர் ஐரோப்பாவில் ஒலித்தது இந்தக் கரையில் எழுதிய சாயத் துணிக்காக. அந்தத் துணியில் நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூடி, பிறகு அவுரித் தொட்டியில் முக்குவார்கள். பாடிக்கின் தத்துவமும் இதுதான். கெர்தூ என்ற பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியார் இந்த வேலையின் முறைகளை விவரித்து 1742-ல் ஒரு கடிதம் எழுதினார். சம்ஸ்கிருதத்துக்கும் லத்தீன், கிரேக்க மொழிகளுக்கும் உறவு உண்டென்று வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே சொன்னவரும் இவர்தான். துணி வேலையின் ரகசியங்களை அவருக்குச் சொன்னவர்கள் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்கள். சரித்திரத்தில் நின்றது பாதிரியாரின் பெயர்.

ஆக நமது ஓவியர்கள் ஜாவாவின் கலை என்று உலகம் அறிந்த ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்த கரை, பல நூற்றாண்டுகளாக மெழுகும் சாயமும் அறிந்த கரை. தாகூர் 1927-ல் ஜாவா போய்வந்ததன் வழியாக பாடிக் சாந்திநிகேதனுக்கு வந்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். கோரமண்டலின் மெழுகைச் சொல்வதில்லை. தங்களுடையது எது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள், வயிற்றுப்பாட்டுக்கென்று கையில் எடுத்த பொருளிலேயே அது இருந்ததைக் கவனித்தார்களா? பெயரை வைத்தவருக்குத் தெரிந்துதான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எழுதியவர்களுக்குத் தெரியவில்லை.

நான் இதை யோசிக்கத் தொடங்கியது புத்தகத்தில் அல்ல, சின்னாளப்பட்டியில். பேகம்பூரிலிருந்து மதுரை ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். சுங்குடிச் சேலைக்குப் பேர் போன ஊர். ஆதியில் சுங்குடி என்றால் முடிச்சுதான். துணியில் ஆயிரக்கணக்கான சிறு முடிச்சுகள் போட்டு, சாயத்தில் முக்கி, பிரித்தால் புள்ளிகள். பிறகு மெழுகு அச்சும் வந்தது. அங்கே சாயப்பட்டறை வேலையிலிருந்து ஓய்ந்துவிட்ட ஒரு பெரியவரிடம், நான் எடுத்துப்போயிருந்த பாடிக் படம் ஒன்றின் அச்சுப் பிரதியைக் காட்டினேன். நிறங்களுக்கு ஊடே மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடும் படம். அந்த வெடிப்புகளைத்தான் ரசிகர்கள் பாடிக்கின் உயிர் என்கிறார்கள். பெரியவர் கண்ணுக்கருகே வைத்துப் பார்த்தார்.

"மெழுகு ஒடஞ்சிருக்கு தம்பி. பாரபின் கூடிப்போச்சு. தேன்மெழுகு கொஞ்சம் சேத்திருந்தா வளஞ்சு குடுத்திருக்கும். எங்க மொதலாளியா இருந்தா கூலில புடிச்சிருப்பாரு."

அவர் சொன்னது தொழில்முறையில் முற்றிலும் சரி. பாரபின் எளிதில் நொறுங்கும், தேன்மெழுகு இளகும். நொறுங்கிய இடத்தில் சாயம் புகும். ஜாவாவின் தேர்ந்த கைகளும் இந்த வெடிப்பைக் குறையென்றே கருதின. அதை வேண்டுமென்றே வரவழைத்து அழகாக்கியது நவீன கலைஞன். துணியைக் கசக்கி, மெழுகை உடைத்து, தற்செயலுக்கு இடம் கொடுத்தான். நவீன கலையின் மனோபாவத்துக்கு இது மிகவும் பொருந்திப்போகிறது.

அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குத் தோன்றியது இது. கலைக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி எத்தனையோ தத்துவம் பேசுகிறோம். சிருஷ்டி, திரும்பச் செய்தல், பயன், பயனின்மை என்றெல்லாம். ஒரே மெழுகு, ஒரே வெடிப்பு. ஒருவனுக்கு அது கூலிப்பிடித்தம், மற்றவனுக்கு அது பாணி. வித்தியாசம் திறமையில் இல்லை, ஆத்மாவில் இல்லை. தன் தவறுக்கு அழகு என்று பெயர் வைத்துக்கொள்ளும் சுதந்திரம் யாருக்கு இருந்தது என்பதில் இருக்கிறது. சோழமண்டலம் கலைஞனுக்கு வாங்கிக் கொடுத்தது பத்து ஏக்கர் மணல் மட்டுமல்ல, இந்தச் சுதந்திரமும்தான். அதைச் சிறிய விஷயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது எதன் மீது நின்றது என்பதைச் சொல்ல வேண்டும்.

கைவினை அவர்களுக்குச் சோறு போட்டதோடு நிற்கவில்லை, கண்ணையும் மாற்றியது என்பது என் கட்சி. பாடிக்கில் கோடு என்பது போடுவது அல்ல, விட்டுவைப்பது. வெளிர் நிறத்திலிருந்து கரு நிறத்துக்குப் படிப்படியாகப் போக வேண்டும், பின்வாங்க வழியில்லை. கான்வாஸில் எண்ணெய் வர்ணம் போல மேலே பூசித் திருத்த முடியாது. படத்தை எதிர்மறையாக யோசிக்க வேண்டும். இப்படி வருஷக்கணக்கில் யோசித்த கை, தூரிகையை எடுக்கும்போது அதை மறந்துவிடுமா?

பி.வி. ஜானகிராமின் (1930–1995) செப்புத் தகட்டுச் சிற்பங்களை எடுத்துக்கொள்ளலாம். தகட்டை வளைத்து, கம்பியைப் பற்றவைத்து, நுணுக்கமாக நிரப்பிய உருவங்கள். முன்னிருந்து மட்டுமே பார்க்க வேண்டியவை. எஸ். நந்தகோபாலும் (1946–2017) இதே வழியில் செம்பும் பித்தளையும் கொண்டு வேறொரு கதையுலகைக் கட்டினார். இந்த முன்முகப் பார்வைக்கு விக்கிரக மரபு, தரிசனம் என்று விளக்கம் சொல்லப்படுகிறது. சரிதான். ஆனால் கோயில் மூர்த்திக்குக் கவசம் அடிக்கும் தட்டார், தகடு என்பது ஒரு தோல், அதற்கு முன்பக்கம்தான் உண்டு என்பதை எந்தச் சிற்ப சாஸ்திரமும் படிக்காமல் அறிந்தவர். கல் நாலுபுறமும் சுற்றி வரச் சொல்கிறது. தகடு எதிரே நிற்கச் சொல்கிறது. பொருள் கற்றுக்கொடுத்ததைத் தத்துவம் கற்றுக்கொடுத்ததாக எழுதுவது நம் விமர்சனத்தின் பழைய வியாதி.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் நானே சொல்லிவிடுகிறேன். கே. ராமானுஜம். 1941-ல் பிறந்தவர். பேனாவும் மசியும் காகிதமும் கொண்டு கோபுரங்களும் பாம்புகளும் தேவதைகளும் நெருக்கியடிக்கும் கனவு நகரங்களை வரைந்தார். நடுவில் எங்கோ தொப்பி போட்டுக்கொண்டு அவரே இருப்பார். சோழமண்டலம் அவருக்கு இடம் கொடுத்தது. 1973-ல் அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். கைவினையும் கூட்டு வாழ்க்கையும் எல்லோரையும் காப்பாற்றிவிட்டன என்று எழுதத் துணிகிறவர்கள் இந்தப் பெயரின் முன் சற்று நிற்க வேண்டும்.

பணிக்கரிடமே திரும்புவோம். 1963-ல் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்களில், படிக்க முடியாத மலையாள எழுத்துச் சாயல்கள், கணிதக் குறிகள், கட்டங்கள், ஜாதகச் சக்கரங்கள் நிறைந்திருக்கும். இவற்றுக்கு ஊற்றுக்கண்ணாக இருந்தது தாந்திரீக ஏடு அல்ல, வணிகவியல் மாணவன் ஒருவனின் பயிற்சி நோட்டு. எண்களும் கோடுகளும் வரிசைப்பட்ட அந்தப் பக்கம் அவரை நிறுத்தியது. தந்தி இலாகாவில் குறிகளோடு மல்லாடிய இளமை உள்ள ஒருவரை அது நிறுத்தியதில் எனக்கு ஆச்சரியமில்லை. குமாஸ்தாவின் பக்கத்தைப் பணிக்கர் ஓவியமாக்கினார். நாம் அதை உபநிஷதமாக வாசித்தோம்.

நம்முடைய பத்திரிகைகளோடு நெருக்கமான பெயர் கே.எம். ஆதிமூலம் (1938–2008). 'நடை', 'கசடதபற' காலத்திலிருந்து அவருடைய கோடு சிறுபத்திரிகை வாசகனின் கண்ணில் ஊறியிருக்கிறது. 1969-ல் காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த காந்திகள், பிறகு வந்த சிதைந்த மகாராஜாக்கள், கி. ராஜநாராயணனின் 'கரிசல் காட்டுக் கடுதாசி'க்கு வரைந்தவை என்று எல்லாம் கறுப்புக் கோடு. நவீன ஓவியம் நமக்கு ஏன் கோடாக வந்து சேர்ந்தது? அழகியல் காரணம் சொல்வதற்கு முன் அச்சகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும். எழுத்துக் கோக்கும் அச்சில் நிறமும் நிழலும் அச்சிட வேண்டுமென்றால் புள்ளித்திரை பிளாக், வழவழப்புக் காகிதம், இரண்டும் நமக்குக் கட்டுப்படியாகாதவை. கோட்டோவியத்துக்குத் துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்த ஒரு பிளாக் போதும், மட்டக் காகிதத்திலும் நிற்கும். நமது நவீனத்துவத்தின் பார்வையைத் தீர்மானித்ததில் அந்த அமிலத் தொட்டிக்கும் பங்கு உண்டு.

அதே ஆதிமூலம் 1966-லிருந்து சென்னையில் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தார். அங்கே எம். ரெட்டெப்ப நாயுடுவும் (1932–1999) இருந்தார். கைத்தறிக்கு வடிவம் கொடுப்பது அவர்கள் வேலை. பின்னாளில் ஆதிமூலம் எண்ணெய் வர்ணத்துக்குப் போனபோது, நிறங்களைக் குழைத்து மழுப்பாமல் பட்டை பட்டையாக, பாளம் பாளமாக, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நிற்கும்படி வைத்தார். நிலக்காட்சி என்றார்கள், ஐரோப்பிய அரூபம் என்றார்கள். தறியில் நிறங்கள் கலப்பதில்லை, பாவும் ஊடையுமாகப் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, கலப்பது பார்ப்பவன் கண்ணில்தான் என்பதை ஆபீஸ் நேரமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த கண் அது என்று ஒருவரும் சொல்லவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் கேட்கவே படாத ஊகம் என்பதுதான் என் புகார்.

இங்கே ஆனந்த குமாரசாமியை எதிர்கொள்ளாமல் தப்ப முடியாது. 1877-ல் கொழும்பில் பிறந்த இந்தத் தமிழர், இந்தியக் கைவினைஞனைப் பற்றி 1909-லேயே தனிப் புத்தகம் எழுதினார். அதற்கு முந்தைய வருஷம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய தம் நூலை, வில்லியம் மாரிஸ் உபயோகித்த அச்சு இயந்திரத்திலேயே அச்சிட்டார். கையால் செய்வதன் மதிப்பை அவரளவு உணர்ந்தவர்கள் குறைவு. ஆனால் மரபுக் கலைஞன் பெயர் போட்டுக்கொள்ளாததை அவர் ஆன்மீக விசேஷமாகக் கண்டார். அகந்தை அழிந்த நிலை என்றார். சின்னாளப்பட்டிப் பெரியவர் கையெழுத்துப் போடாததற்குக் காரணம் அகந்தை அழிந்தது அல்ல. கூலி, ஜாதி, முதலாளி என்று மூன்று காரணங்கள் உண்டு. மூன்றும் மோட்ச மார்க்கத்தில் சேராதவை.

நான் குடியிருக்கும் பேகம்பூர், 1755-ல் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்த ஹைதர் அலியின் குடும்பத்துப் பெண் ஒருவரின் சமாதியால் பெயர் பெற்றது. இங்கே தோல் பதனிடுகிறார்கள். ஊருக்குள் பூட்டு செய்கிறார்கள். மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு. ஒன்றின் சாவி மற்றொன்றில் சேராதபடி கை அரத்தால் ராவிச் செய்யும் வேலை. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் ஊருக்குக் கிடைத்தது, பூட்டு செய்தவனுக்கு அல்ல. சோழமண்டலத்தில் 2009-ல் சென்னை இயக்கத்துக்கென்று அருங்காட்சியகமும் திறந்தாகிவிட்டது. அந்த நிலத்தை வாங்கிக் கொடுத்த பாடிக் துணிகளோ சேலையாகவும் திரைச்சீலையாகவும் வீடுகளுக்குப் போய், நைந்து, கிழிந்து, கரித்துணியாகியிருக்கும். உபயோகமான பொருளுக்கு அருங்காட்சியகம் கிடையாது.

வசதி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அதைச் சொல்லிவிட வேண்டும். பத்து மணி முதல் மாலை வரை வங்கியில் நகைக் கடன் சீட்டு எழுதுகிறவன் நான். வீட்டுக்கு வந்து எழுதுகிறவன் வேறு ஆள் என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டிருந்தேன். நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான். ந. பிச்சமூர்த்தி கோயில் நிர்வாகம் பார்த்தார், சுந்தர ராமசாமி ஜவுளிக் கடை நடத்தினார், ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் இருந்தார். அவரவர் எழுத்தில் அவரவர் வேலை எவ்வளவு நுழைந்தது, எவ்வளவு வாசலில் செருப்போடு நிறுத்தப்பட்டது என்று யாராவது பார்க்க வேண்டும். பாடிக் வயிற்றுக்கு, ஓவியம் ஆத்மாவுக்கு என்ற தீர்ப்பு உண்மையானால் என் பகல்கள் செலவுக் கணக்கில் போய்விடும், நான் அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. அதுதான் வசதி. சோழமண்டலத்தார் ஒரு கட்டத்தில் இந்த வசதியை மறுத்தார்கள். ஒரே கை, ஒரே கூடம், ஒரே மணல். பிறகு அவர்களும் பேர் வந்தபின் ஓவியத்தின் பக்கம் நகர்ந்துகொண்டார்கள், சரித்திரமும் அவர்களோடு நகர்ந்தது. அவர்களில் எஸ்.ஜி. வாசுதேவ் போன்ற ஒருசிலர் பின்னாளில் நெசவாளரோடு சேர்ந்து பட்டில் சித்திரத் திரைகள் நெய்ததும் நடந்தது.

இதை எழுதுவதற்காகப் பழைய சிறுபத்திரிகை இதழ்கள் சிலவற்றை இரவல் வாங்கிப் புரட்டினேன். கவிஞர் பெயர் இருக்கிறது. ஓவியர் பெயர் இருக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் அச்சகத்தின் பெயர் இருக்கிறது, அதுவும் 1867-ம் வருஷத்துச் சட்டம் அப்போது கேட்டதால். கோட்டைத் துத்தநாகத்தில் அரித்தெடுத்தவர் பெயரை நான் எந்த இதழிலும் பார்க்கவில்லை.